கட்டிலோர நாற்காலி பிறந்த கதை

1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. காலையிலேயே லண்டன் ரயில் நிலையங்களில் பிள்ளைகள் கூட்டம் நெரிந்தது. ஒவ்வொரு பிள்ளையின் கோட்டிலும் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. தோளில் ஒரு பெட்டி. அதற்குள் விஷவாயு முகமூடி. ஹிட்லரின் விமானங்கள் எந்த நேரமும் குண்டு போடலாம் என்று பயந்த பிரிட்டிஷ் அரசு, நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்றே நாளில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் ஊர் மாறினார்கள். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளோடு ஆசிரியர்கள்தான் போனார்கள். அம்மாக்கள் கையசைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

போய்ச் சேர்ந்த ஊர்களில் பிள்ளைகளைப் பொது மண்டபத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, பிடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் கேட்காத பிள்ளைகள் இருட்டும்வரை நின்றார்கள். ரயில், படுக்கை, கம்பளி, சாப்பாடு என்று அரசாங்கம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டிருந்தது. கணக்கில் வராத ஒன்றை மூன்று மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். ஜான் பௌல்பி, டொனால்டு வின்னிகாட், இமானுவேல் மில்லர். இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்பினால் பின்னாளில் பெரிய மனச்சிக்கல்கள் வரும் என்று எச்சரித்து, அந்த டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். போர்க்காலத்தில் இதையெல்லாம் யார் காதில் வாங்குவது? கடிதம் அச்சானது, அதோடு சரி. ஆனால் அந்த மூன்று பெயர்களில் ஒன்று, பல ஆண்டுகள் கழித்து, இந்தக் கதைக்குள் மறுபடி வரப்போகிறது.

மாதங்கள் ஓடின. எதிர்பார்த்த குண்டு விழவில்லை. பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியாத பெற்றோர் ஒவ்வொருவராகப் போய்க் கூட்டிவந்துவிட்டார்கள். நகரம் மறுபடி பிள்ளைகளால் நிறைந்தபோதுதான் இடி இறங்கியது. 1940 செப்டம்பர் 7-ம் தேதி தொடங்கி, 57 இரவுகளில் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் லண்டன் மீது குண்டு மழை. குடும்பம் குடும்பமாகச் சுரங்க ரயில் நடைமேடைகளில் படுத்துத் தூங்கினார்கள். அப்பா ராணுவத்தில், அம்மா தொழிற்சாலையில், வீடு இடிந்து கிடக்கிறது. பச்சைப் பிள்ளையை எங்கே விடுவது? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் அந்த நாட்டுக்காரரே அல்லர். எதிரி நாட்டிலிருந்து தப்பி வந்த அகதி.

அன்னா ஃப்ராய்ட். உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃப்ராய்டின் கடைக்குட்டி மகள். வியன்னாவில் பள்ளி ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போன சில நாட்களில் கெஸ்டபோ போலீஸ் அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றது. மாலையில் அவர் திரும்பி வந்ததே அதிர்ஷ்டம். ஜூன் மாதம் குடும்பம் லண்டன் வந்து சேர்ந்தது. மறு ஆண்டு, போர் தொடங்கிய அதே செப்டம்பரில், அப்பா இறந்துபோனார். துக்கம் ஆறும் முன்பே அன்னா வேலையில் இறங்கினார். தோழி டோரதி பர்லிங்காமுடன் சேர்ந்து ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு வீடு பிடித்து, 1941 வாக்கில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகத்தை நடத்தத் தொடங்கினார். பின்னர் அது மூன்று வீடுகளாக வளர்ந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தவித்த பிள்ளைகளுக்காக 1937-ல் தொடங்கப்பட்ட ஓர் அறக்கட்டளை அமெரிக்காவில் நிதி திரட்டிக் கொடுத்தது. காப்பகத்தில் ஒரு வினோதமான விதி இருந்தது. இந்தக் கதையின் முதல் திருப்பம் அந்த விதியில்தான் ஒளிந்திருந்தது.

விதி இதுதான்: காப்பகத்தில் யார் வேலை பார்த்தாலும் சரி, பிள்ளைகளிடம் கண்டதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். சமையல்காரருக்கும் அதே விதி, தாதிக்கும் அதே விதி. அன்னாவும் உட்கார்ந்து எழுதினார். அங்கே பாய்லருக்குக் கரி போட்டு, உடைந்ததை ஒக்கிட்டு, இரவில் நெருப்புக் காவல் காக்க ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்தின் உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளை. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். மனசாட்சிக்கு விரோதம் என்று துப்பாக்கி எடுக்க மறுத்தவர். ஜாய்ஸ் என்ற இளம்பெண் அதே காப்பகத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ராபர்ட்சனின் வாழ்க்கைத் துணை. கரி படிந்த கையோடு பாய்லர்க்காரரும் அட்டை எழுதினார். அவர் கண்ணுக்கு விழுந்தது எதுவுமே அவர் எதிர்பார்த்ததாக இல்லை.

குண்டுச் சத்தம் பிள்ளைகளை உலுக்கி எடுக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நடந்தது வேறு. பக்கத்துத் தெரு இடிந்து விழுந்த இரவிலும், அம்மா மடியில் கிடந்த பிள்ளை தூங்கிப்போனது. மறுநாள் கட்டைகளை அடுக்கி, விமானம் வந்து குண்டு போடுகிறது என்று விளையாடியது. அம்மா நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது. ஒரு தாய், இரவெல்லாம் மகனைத் தூங்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன்தான் பயந்து படுக்கையை நனைக்கத் தொடங்கினான். பாதுகாப்பான கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளோ குண்டே விழாத இடத்தில் வாடிப்போனார்கள். பழகிய பேச்சை மறந்தார்கள். சாப்பிட மறுத்தார்கள். 1942 வாக்கில் அன்னாவும் டோரதியும் எழுதிய அறிக்கைகள் ஒரு முடிவுக்கு வந்தன: சிறு பிள்ளைக்குப் போரின் கோரம் குண்டில் இல்லை, பிரிவில் இருக்கிறது. இதைச் சொல்ல அவர்களிடம் ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சிக்கு வயது மூன்று சொச்சம்.

அந்தப் பையனைக் காப்பகத்தில் விட்டுப் போகும்போது, அழக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். அழுதால் பார்க்க வர மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். அவன் அழவில்லை. அவனை யாராவது பார்த்தால் தலையை ஆட்டி, அம்மா வருவாள், எனக்குக் கோட்டு போட்டுவிடுவாள், வீட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாளாக ஆகப் பட்டியல் நீண்டது. கோட்டு, பிறகு கால்சட்டை, பிறகு ஜிப்பை இழுத்துவிடுவது, பிறகு குல்லாய். கேட்டுக் கேட்டு அலுத்த யாரோ, போதும் நிறுத்து என்று சொன்னார்கள். அவன் நிறுத்தினான். மற்றப் பிள்ளைகள் விளையாட, இவன் ஒரு மூலையில் போய் நின்றான். கைகள் மட்டும் காற்றில் கோட்டு மாட்டின, ஜிப் இழுத்தன, குல்லாய் வைத்தன. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கொஞ்ச நாளில் கையசைவும் சுருங்கிப்போனது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, பையன் பழகிவிட்டான் என்றே தோன்றியிருக்கும்.

காப்பகம் இரண்டு காரியம் செய்தது. முதலாவது, வாசற்கதவு. பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து பிள்ளையைப் பார்க்கலாம், பகலானாலும் இரவானாலும். அந்தக் காலத்தில் எந்த விடுதியும் நினைத்துப் பார்க்காத சலுகை இது. இரண்டாவது, பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாதியை அம்மாவாக்கினார்கள். முதலில் வீடே ரகளையானது. இது என் அம்மா, கிட்டே வராதே என்று அடிதடி, பொறாமை, அழுகை. செய்தது தவறோ என்று சந்தேகம் எழுந்தது. கொஞ்ச வாரம் பொறுத்தார்கள். மாதக்கணக்கில் முளைக்காத பேச்சு முளைத்தது. எத்தனை சொல்லியும் வராத கழிப்பறைப் பழக்கம் வந்தது. தனக்கென்று ஒருவர் கிடைத்ததும் பிள்ளை வளர்ந்தது. போர் முடிந்தது, காப்பகம் மூடப்பட்டது. அப்போது, அந்த முடிவையே சோதித்துப் பார்ப்பதுபோல ஆறு பிள்ளைகள் விமானத்தில் வந்து இறங்கினார்கள்.

1945 ஆகஸ்ட். தெரேசியன்ஷ்டாட் வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்ட யூதப் பிள்ளைகளோடு அந்த ஆறு பேரும் இங்கிலாந்து வந்தார்கள். மூன்று, நான்கு வயது. பிறந்த சிறிது காலத்திலேயே பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். வீடு என்றால் என்ன, அம்மா என்றால் யார் என்று அறியாதவர்கள். சசெக்ஸ் கிராமம் ஒன்றில் ‘புல்டாக்ஸ் பேங்க்’ என்ற வீட்டில், அன்னாவின் பழைய ஊழியர்களான டான் சகோதரிகள் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். வந்த வேகத்தில் பொம்மைகள் உடைந்தன. பெரியவர்களைக் கண்டால் கடித்தார்கள், துப்பினார்கள். ஆனால் தங்களுக்குள் சண்டை இல்லை. ஒருவரைக் காணாவிட்டால் மற்றவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் வாயில் வைப்பார்கள். ஒருவருக்கொருவர் அம்மாவாகவே இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பறித்த முகாம், இந்த ஒன்றைத் தெரியாமல் விட்டுவைத்திருந்தது. அதுவே அவர்களை உயிர்ப்போடு வைத்திருந்தது. அன்னா இதை 1951-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதற்குள் பாய்லர்க்காரர் வேறொரு வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார்.

போருக்குப் பின் மனநல சமூகப் பணியாளராகப் பயிற்சி முடித்த ராபர்ட்சனை, 1948-ல் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் ஒரு மருத்துவர் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். யாரும் கண்டுகொள்ளாத அந்த 1939 கடிதத்தில் கையெழுத்திட்ட அதே ஜான் பௌல்பி. தாயைப் பிரிந்த பிள்ளைகளை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும் என்பதுதான் வேலை. போர் முடிந்துவிட்டது, இனிப் பிரிந்த பிள்ளைகள் எங்கே கிடைப்பார்கள்? ராபர்ட்சன் சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போனார். உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வார்டு பளபளவென்று சுத்தமாக இருந்தது. தாதிகள் அன்பானவர்கள், மருத்துவர்கள் திறமைசாலிகள். ஆனால் கட்டில்களில் இருந்த மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பழகிவிட்டார்கள் என்றார்கள் ஊழியர்கள், பெருமையோடு. மூலையில் நின்று காற்றில் ஜிப் இழுத்த பையனின் காப்பகத்தில் வேலை பார்த்த மனிதருக்கு அந்த மௌனத்தின் பொருள் தெரியும். இங்கே போர் இல்லை, குண்டு இல்லை. இருந்தும் அதே முகங்கள். அம்மாக்கள் எங்கே என்று தேடியவருக்கு, வாசலில் தொங்கிய ஒரு பலகை பதில் சொன்னது.

பார்வையாளர் நேரம். 1949-ல் லண்டன் மருத்துவமனைகளின் நேரங்களைத் திரட்டியபோது வந்த விவரங்கள் இன்றைக்கு நம்ப முடியாதவை. கைஸ் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மட்டும். செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பார்வையே கிடையாது. பெற்றோர் இரவு ஏழிலிருந்து எட்டு மணிக்குள் வந்து, தூங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். லண்டன் மருத்துவமனையில், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். காரணம் கேட்டால் இரண்டு சொன்னார்கள். ஒன்று, வெளியாட்கள் நோய்த்தொற்று கொண்டுவருவார்கள். மற்றொன்று, அம்மா வந்து போனால் அமைதியாக இருந்த பிள்ளை அழத் தொடங்கிவிடுகிறது, வார்டே கெட்டுவிடுகிறது. அந்த இரண்டாவது காரணத்தைத்தான் ராபர்ட்சன் கையில் எடுத்தார்.

அடுத்த சில ஆண்டுகள் வார்டிலேயே கிடந்து அட்டைகளை எழுதினார். வீடு திரும்பிய பிள்ளைகளையும் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார். மூன்று கட்டங்கள் தெளிவாயின. முதலில் எதிர்ப்பு: பிள்ளை அலறி அம்மாவைக் கேட்கும். அடுத்து நம்பிக்கை இழப்பு: அழுகை ஓய்ந்து, வாடி, ஒடுங்கிப்போகும். கடைசியில் மறுப்பு: சிரிக்கும், விளையாடும், தாதிகளோடு ஒட்டிக்கொள்ளும்; அம்மா வந்தால் முகம் திருப்பும். மருத்துவமனை எதைக் குணம் என்று எழுதிவைத்ததோ அது மூன்றாவது கட்டம். வீட்டுக்கு வந்த பிள்ளை இரவில் அலறியது, அம்மாவை ஒரு நிமிடம்கூட விடாமல் ஒட்டிக்கொண்டது, காரணமில்லாமல் அடித்தது. மாதக்கணக்கில் இது தொடர்ந்தது. ராபர்ட்சன் இதையெல்லாம் மருத்துவர்கள் கூட்டங்களில் சொன்னார். யாரும் நம்பவில்லை. எங்கள் வார்டில் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றார்கள். சொல்லிப் பயனில்லை என்று புரிந்ததும், அவர் வாழ்க்கையில் தொட்டே இராத ஒரு பொருளை வாங்கினார்.

அது ஒரு திரைப்படக் கேமரா. ஆள் துணை இல்லை, அனுபவம் இல்லை. பரிதாபமான பிள்ளையாகப் பார்த்துப் பொறுக்கினார் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக, காத்திருப்போர் பட்டியலில் குருட்டாம்போக்கில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அழும் நேரமாகப் பார்த்து எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எனவே தினமும் குறித்த நேரங்களில் மட்டும் கேமரா ஓடும். தேர்வானது இரண்டரை வயதை எட்டப்போகும் ஒரு சிறுமி. தொப்புளில் குடலிறக்கம், சின்ன அறுவைச் சிகிச்சை, எட்டு நாள் தங்க வேண்டும். வேலை தொடங்கியதும் ராபர்ட்சனுக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தனை பிள்ளைகளில், அழவே அழாத ஒரு பிள்ளை கைக்கு வந்திருந்தது.

அந்தச் சிறுமி வயதுக்கு மீறிய அடக்கம் உள்ளவள். தன் கரடிப் பொம்மையையும் பழைய துணி ஒன்றையும் அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். படம் தோற்றுவிட்டது என்றே தோன்றியது. ஆனால் கேமரா பொறுமையாக ஓட, மெல்ல மெல்லத் தெரிய வந்தது. உதடு துடிக்கும், அடக்கிக்கொள்வாள். வேறெதையோ பேசிக்கொண்டிருப்பவள், சம்பந்தமே இல்லாமல் நடுவில் அம்மா எங்கே போய்ட்டா என்று கேட்பாள். யாரும் பதில் சொல்லாவிட்டால், குரலை உயர்த்தாமல் மறுபடி கேட்பாள். அம்மா வந்தபோது ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டாம் நாள் வீட்டுக்குப் போகும் நேரம் வந்தது. தன் சாமான்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தாள். அம்மா கையை நீட்டினார். சிறுமி அந்தக் கையைப் பிடிக்க மறுத்து, தனியாக நடந்து போனாள். அழாத பிள்ளை கிடைத்தது துரதிர்ஷ்டம் அல்ல, பேரதிர்ஷ்டம் என்பது ராபர்ட்சனுக்கு அப்போது புரிந்தது.

1952 நவம்பர். லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் அரங்கில் சுமார் 300 பேர். ‘இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது’ என்ற அந்தப் படம் ஓடி முடிந்தது. விளக்குகள் எரிந்ததும் அரங்கு கொதித்தது. படம் பொய், மருத்துவத் துறைக்கும் தாதியர் துறைக்கும் அவதூறு, அந்தப் பிள்ளை ஒரு விதிவிலக்கு, படத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து தாக்கினார்கள். முன்னாள் பாய்லர்க்காரர் மேடையில் தனியாக நின்றார். ஆனால் படத்தின் உண்மைக்குச் சாட்சி சொல்ல, மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத ஒருவர் இருந்தார்.

மருத்துவமனையிலிருந்து வந்து ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, அந்தச் சிறுமியின் பெற்றோருக்கு ராபர்ட்சன் படத்தைப் போட்டுக் காட்டினார். பிள்ளை உள்ளே தூங்குகிறது என்று நினைத்திருந்தார்கள். அவள் எழுந்து வந்து கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டாள். முகம் சிவக்க அம்மாவைத் திரும்பிப் பார்த்து, நீ எங்கேம்மா போயிருந்தே, எங்கே போயிருந்தே என்று கத்தி, வெடித்து அழுதாள். அம்மா தூக்கப் போனபோது விலகி அப்பாவிடம் ஓடினாள். எட்டே நாள் பிரிவு. ஆறு மாதமாகியும் ஆறவில்லை. பழகிவிட்டாள் என்று எல்லாரும் நம்பிய பிள்ளை, அவ்வளவு நாளும் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தாள். படத்தைத் திட்டியவர்களில் எத்தனை பேர் இரவில் நிம்மதியாகத் தூங்கினார்களோ தெரியாது. ஒருவரால் மட்டும் பழையபடி வார்டுக்குள் நடக்க முடியவில்லை.

அவர் டெர்மட் மக்கார்த்தி, லண்டனுக்கு வெளியே அமர்ஷம் என்ற ஊரில் குழந்தைகள் மருத்துவர். படத்தைப் பார்த்துக் கோபத்தோடு ஊர் திரும்பியவர், வழக்கம்போல வார்டில் சுற்றி வந்தார். வருடக்கணக்காக நடந்த அதே வார்டு. ஆனால் பிள்ளைகள் அழுவதை உண்மையிலேயே அப்போதுதான் முதல்முறை கேட்டதாகப் பின்னர் அவரே சொன்னார். வார்டின் தலைமைத் தாதி ஐவி மாரிஸும் துணை நின்றார். அதுவரை வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட தாய்மார்களை இருவரும் உள்ளே அழைத்தார்கள். பிள்ளைக்குச் சோறூட்டவும் குளிப்பாட்டவும் இரவில் கூடவே படுக்கவும் அனுமதித்தார்கள். எத்தனை தொற்று பரவும், எவ்வளவு குழப்பம் வரும் என்று மற்ற மருத்துவமனைகள் காத்திருந்தன.

பயந்தது எதுவும் நடக்கவில்லை. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920-களிலிருந்தே தாய்மார்களைப் பிள்ளையோடு தங்கவைத்து வந்ததையும் அப்போதுதான் பலர் நினைத்துப் பார்த்தார்கள். 1958-ல் ராபர்ட்சன் அமர்ஷத்துக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். இம்முறை 20 மாதக் குழந்தை. அதேபோல அறுவைச் சிகிச்சை. ஆனால் அம்மா கூடவே இருந்தார். ஊசி போட்டபோது குழந்தை அழுதது, அம்மா தூக்கினார், அழுகை நின்றது. வீட்டுக்குப் போகும்போது குழந்தை அம்மாவை விட்டு விலகவில்லை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. மருந்து அதே மருந்து, கத்தி அதே கத்தி. இரண்டாவது வார்டில் கூடுதலாக இருந்தது ஒன்றுதான். பிள்ளையின் கட்டிலோரம் அம்மா உட்கார ஒரு நாற்காலி.

இனி எல்லாம் சுபம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. சர் ஹாரி பிளாட் தலைமையில் அரசு அமைத்த குழு 1959-ல் அறிக்கை கொடுத்தது. பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு தாய் தங்க வசதி வேண்டும் என்று தெளிவாகப் பரிந்துரைத்தது. அரசும் ஏற்றுக்கொண்டது. மருத்துவமனைகள் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டின. 1961-ல் ராபர்ட்சன் ‘அப்சர்வர்’ பத்திரிகையில் எழுதினார். படத்தின் காட்சிகள் பிபிசி தொலைக்காட்சியில் வந்தன. அதைப் பார்த்தவர்களில் லண்டன் பாட்டர்சீ பகுதியின் இளம் தாய்மார்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் மருத்துவர்களும் அல்லர், அதிகாரிகளும் அல்லர்.

இருந்தும் அவர்கள் சங்கம் தொடங்கினார்கள். அரசு அறிக்கையை மருத்துவமனைகளிடம் நீட்டி, இது ஏன் நடக்கவில்லை என்று கேட்டார்கள். கிளைகள் ஊர் ஊராகப் பரவின. வாசல் பலகைகளில் எழுதியிருந்த நேரங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. 1988-ல் ஐரோப்பிய அமைப்புகள் நெதர்லாந்தின் லைடன் நகரில் கூடி வகுத்த சாசனம், மருத்துவமனையில் உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் எப்போதும் கூடவே இருப்பது உரிமை என்றே எழுதிவைத்தது. ஆனால் அன்னாவும் ராபர்ட்சனும் எழுப்பிய பெரிய கேள்விக்கு அப்போதும் விடை வரவில்லை. இரண்டு வயதில் பட்ட காயம் அறுபது வயதிலும் இருக்குமா?

விடை பின்லாந்திலிருந்து வந்தது. அதே போர்க்காலத்தில், சோவியத் குண்டுகளுக்குப் பயந்து அந்த நாடு ஏறத்தாழ 70,000 பிள்ளைகளைக் கழுத்தில் பெயர் அட்டையோடு, பெரும்பாலும் சுவீடனுக்கு, பெற்றோர் இல்லாமல் அனுப்பியிருந்தது. ஹெல்சின்கியில் 1934-க்கும் 1944-க்கும் இடையே பிறந்தவர்களை ஆய்வாளர்கள் முதுமைவரை தொடர்ந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் பெற்றோரைப் பிரிந்து போனவர்களிடம், 60 வயதைத் தாண்டிய பிறகும், மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன என்று 2007-ல் தெரியவந்தது. இதய நோயும் அவர்களிடம் அதிகம் என்று 2009-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. 2018-ல் வந்த ஆய்வு அதைவிடத் தூரம் போனது. அப்படி அனுப்பப்பட்ட பெண்களின் மகள்களுக்கு, அனுப்பப்படாமல் வீட்டிலிருந்த அவர்களின் சகோதரிகளின் மகள்களைவிட, மனநோய்க்காக மருத்துவமனையில் சேரும் அபாயம் கூடுதலாக இருந்தது. போரையே பார்க்காத அடுத்த தலைமுறையிலும் அந்தப் பயணத்தின் வடு தெரிந்தது.

எல்லாப் பிள்ளையும் உடைந்துபோய்விடுவதில்லை என்பதும் அதே ஆய்வுகள் சொல்கிற உண்மை. நல்ல வளர்ப்பு வீடுகள் பலரைத் தேற்றின. எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றியது பௌல்பியின் தொடக்ககாலக் கருத்துகளில் இருந்த பிழை. 1972-ல் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் அதைத் திருத்தினார்: பிள்ளை அப்பாவிடமும் பாட்டியிடமும் வேறு சிலரிடமும் உறுதியான பற்று வைக்கும், பிரிவைவிட, வீட்டுக்குள் ஓயாமல் நடக்கும் சண்டை சில பிள்ளைகளை அதிகம் பாதிக்கும். டான் சகோதரிகளின் வீட்டில் கைகோத்து நின்ற ஆறு பிள்ளைகளும் இதற்கு முன்பே சாட்சி சொல்லியிருந்தார்கள். நம்பிப் பற்றிக்கொள்ள ஒருவர் வேண்டும். அவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்று போர் நடக்கும் நாடுகளில் பிள்ளைகளைக் காப்பாற்றப் போகிறவர்கள் பின்பற்றும் அடிப்படை விதிகளில் ஒன்று, குடும்பத்தைப் பிரிக்காதே, பிரிந்திருந்தால் தேடிச் சேர்த்துவை என்பது. விதி எழுதியாகிவிட்டது, எல்லைகளிலும் முகாம்களிலும் அதைக் காக்கிறவர்கள்தான் போதவில்லை. கூரை, உணவு, மருந்து மூன்றும் கிடைத்துவிட்டால் பிள்ளை பத்திரம் என்று நினைப்பது 1939-ல் செய்த அதே தவறு. பிள்ளையைக் குண்டிலிருந்து காப்பது பாதி வேலை. அது நம்புகிற ஒருவரை அதன் பக்கத்திலேயே இருக்க விடுவது மீதி வேலை. முதல் பாதிக்கு ரயில்களும் படைகளும் தேவைப்படும். இரண்டாவது பாதிக்கு ஒரு நாற்காலியும், அதில் உட்கார ஓர் அனுமதியும் போதும்.